முகத்துவாரம் திறக்கும் மாதம்: பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களில் கார்த்திகை

தமிழ் மாதங்களுள் கார்த்திகை, விளக்கின் மாதமாகவும் முருகனுக்குரிய மாதமாகவும் நாடெங்கும் அறியப்பட்டிருப்பினும், சென்னைக்கு வடக்கே வங்கக் கடலை ஒட்டிக் கிடக்கும் பழவேற்காட்டு ஏரியின் கரைகளில் வாழும் மீனவர்க்கு அது முதன்மையாகத் தண்ணீரின் மாதமாகும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் பழவேற்காடு. காயல் என்பது கடலிலிருந்து மணல்திட்டால் பிரிக்கப்பட்டு, குறுகிய வாய் வழியாகக் கடலோடு கலக்கும் ஆழமற்ற நீர்நிலையைக் குறிக்கும். அந்த வாயை ‘முகத்துவாரம்’ என்று ஊரார் அழைக்கின்றனர். கோடையில் மணல் மூடிக் குறுகும் இந்த முகத்துவாரத்தை, வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் உள்ளிருந்து உடைத்துத் திறக்கும் காலம் ஐப்பசியின் பிற்பகுதியும் கார்த்திகையுமே. ஒரு மாதம் எப்படித் தோன்றியது, எதை அடையாளமாகக் கொண்டது, அதில் என்னென்ன நிகழ்ந்தன என்ற கேள்விகளுக்கு வானநூலையும் இலக்கியத்தையும் மட்டும் கொண்டு விடைகாண முயல்வது போதாது என்பதும், அம்மாதம் ஒரு நீர்நிலையில் என்ன வேலை செய்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதும் இவ்வுரையின் நிலைப்பாடு.

மாதத்தின் பெயர் வானத்திலிருந்து வந்தது. கதிரவன் விருச்சிக ராசியில் நிற்கும் நாள்களே தமிழர் கணக்கில் கார்த்திகை. அப்போது கதிரவனுக்கு நேர் எதிரே, இடப ராசியில், கார்த்திகை எனும் விண்மீன் கூட்டம் நிற்கிறது. முழுநிலா எப்போதும் கதிரவனுக்கு எதிர்ப்புறத்தில் அமையுமாதலால், இம்மாதத்து முழுநிலா அக்கூட்டத்தின் அருகே தோன்றுகிறது. அந்த விண்மீனின் பெயரே மாதத்துக்கும் ஆயிற்று. வெறுங்கண்ணுக்கு ஆறு புள்ளிகளாகத் தெரிவதால் பழந்தமிழர் இக்கூட்டத்தை ‘அறுமீன்’ என்றும் ‘ஆரல்’ என்றும் வழங்கினர். முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்டிர் அறுவர் என்ற தொன்மமும் இந்த எண்ணிக்கையில்தான் கால்கொள்கிறது. அந்தி சாயும்போது கிழக்கே எழுந்து, இரவு முழுதும் வானில் நின்று, விடியலில் மேற்கே சாயும் நிலையில் இக்கூட்டம் இருப்பது இந்த மாதத்தில்தான். பூமி கதிரவனுக்கு மிக அண்மையில் வரும் சனவரித் தொடக்கத்தை நெருங்கும் காலமாதலால் கதிரவன் விண்மீன்களிடையே சற்று விரைந்து நகர்வதுபோல் தோன்றுகிறது. எனவே ஆடி, ஆவணி போல 31 நாள் பெறாமல் கார்த்திகை 29 அல்லது 30 நாளில் முடிந்துவிடுகிறது.

ஏரியின் கரையில் நின்று பார்த்தால் இந்தக் கணக்கு அவ்வளவு எளிதாக இல்லை. பழவேற்காட்டு ஏரியின் மிகப்பெரும் பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்கோடி தமிழ்நாட்டிலும் அடங்குகின்றன. தென்கரைக் குப்பங்கள் கதிரவனைக் கொண்டு மாதம் எண்ணுகின்றன. வடகரையின் தெலுங்கு ஊர்கள் நிலவைக் கொண்டு எண்ணுகின்றன. தெலுங்கர்களின் கார்த்திகம் தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி அடுத்த அமாவாசையில் முடிகிறது. 2023இல் இவ்விரு கணக்குகளும் ஏறத்தாழ ஒன்றுபட்டு ஓடின. 2024இலோ வடகரையின் கார்த்திகப் பௌர்ணமி நவம்பர் 15ஆம் நாளிலும், தமிழகத்தின் கார்த்திகைத் தீபம் டிசம்பர் 13ஆம் நாளிலும் வந்தன. ஒரே நீரின் இரு கரைகளில் ஒரே பெயருடைய திருவிழாக்களுக்கு இடையே ஒரு முழுத் திங்கள் இடைவெளி விழுந்தது. இவற்றுக்கு அப்பால் மூன்றாவது கார்த்திகை ஒன்றும் உண்டு. மேகநாத் சாஹாவின் தலைமையில் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தேசிய நாள்காட்டியில், கார்த்திக மாதம் அக்டோபர் 23ஆம் நாளே பிறந்து நவம்பர் 21இல் முடிந்துவிடுகிறது.

இந்த மூன்றாவது கணக்கு ஏன் முந்தி வருகிறது என்பது மீனவர் வாழ்வோடு நேர்த்தொடர்புடைய செய்தி. தமிழ் ஆண்டு, கதிரவன் ஒரு விண்மீனிலிருந்து புறப்பட்டு மீண்டும் அதே விண்மீனை அடையும் காலத்தை அளவாகக் கொண்டது. பருவங்களோ பூமியின் அச்சுச் சாய்வைப் பொறுத்தவை. முன்னது பின்னதைவிட ஏறத்தாழ இருபது நிமிடம் நீண்டதாகையால், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற அளவில் தமிழ் மாதங்கள் பருவங்களைவிட்டுப் பின்தங்கிக்கொண்டே போகின்றன. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் கோட்டை கட்டிய காலத்திலிருந்து இன்றைய நாள்வரை மட்டும் இந்த விலகல் ஆறு நாள் அளவுக்கு வந்திருக்கிறது. சாஹா குழு மாதங்களைப் பருவத்தோடு கட்டிப்போட்டதன் நோக்கம் இந்த விலகலை நிறுத்துவதே. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் நாள் அளவில் தொடங்குவதைக் கருதினால், தேசிய நாள்காட்டியின் கார்த்திகம் மழையின் பிறப்போடும், தமிழ்க் கார்த்திகை அதன் முற்றிய நிலையோடும் பொருந்துகின்றன. ‘கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை’ என்ற பழமொழி பின்னதையே சொல்கிறது.

இலக்கியத்தில் இம்மாதத்தின் இடம் உறுதியானது. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழ் மரபில் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்து கூதிர், அதாவது குளிர்காற்றும் மழையும் கலந்த காலம், என்று உரையாசிரியர்கள் வகுத்தனர். முல்லைக்குக் காரும் குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரிமையாக்கப்பட, கடற்கரையாகிய நெய்தலுக்குத் தனிப் பெரும்பொழுது எதுவும் தரப்படாமல் ஆறு பொழுதும் பொதுவாக்கப்பட்டன. திறந்த கடலில் தொழில் செய்வோரைக் கருதினால் இப்பகுப்பில் நியாயம் உண்டு. காயலில் தொழில் செய்வோரைக் கருதினால் குறை உண்டு. பழவேற்காடு போன்ற முகத்துவார ஊர்களுக்கு அவற்றின் ஆண்டையே தீர்மானிக்கும் ஒரு பொழுது இருக்கிறது, அது கூதிர்தான் என்பதை நெய்தல் திணையை ஆராய்வோர் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை.

விளக்கு இம்மாதத்தின் அடையாளமானது மிகப் பழைய காலத்தில். நக்கீரர் பாடிய அகநானூற்று 141ஆம் பாட்டில், நிலவு அறுமீனைச் சேரும் நள்ளிரவில் ஊர் விளக்கேற்றிக் கொண்டாடும் செய்தி இடம்பெறுகிறது. மயிலாப்பூரின் மாதவிழாக்களை அடுக்கிச் சொல்லும் திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தில் கார்த்திகை விளக்கீடும் வருகிறது. பழவேற்காட்டுக்குத் தெற்கே அதே கடற்கரையில் அமைந்த ஊர் அது என்பது இங்கு நினைக்கத்தக்கது. தீபத்தன்று கோயில்முன் பனைமரத் துண்டை நட்டுக் காய்ந்த ஓலைகளைக் கட்டிக் கொளுத்தும் சொக்கப்பனையும், பனம்பூக் கரியைத் துணியில் சுருட்டித் தீயிட்டுச் சுழற்றும் மாவளியும் பனை விளையும் மணற்பாங்கான நிலத்தின் கொடைகள். ஏரியைச் சூழ்ந்த மணல்மேடுகள் பனையின் நிலம்; பழவேற்காட்டு முஸ்லிம் பெண்களின் பனையோலைப் பின்னல் இன்றும் பெயர்பெற்றது. மழைக்காலத்தில் வேலிகளில் சுடர்போல விரியும் செங்காந்தள், ‘கார்த்திகைப் பூ’ என்றே வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே.

இனி நீரைப் பற்றி. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியும் வடக்கே சுவர்ணமுகியின் கிளைநீரும் ஏரிக்குள் விழுகின்றன. பக்கிங்காம் கால்வாய் ஏரியை ஊடறுத்துச் செல்கிறது. கோடையில் ஆறுகள் வற்றி, முகத்துவாரமும் அடைபட்டால், கொளுத்தும் வெயிலில் நீர் ஆவியாகி ஏரியின் உப்பு கடலின் உப்பையும் மிஞ்சிவிடும். மழை வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. ஆரணியாற்றின் மேல்மடையில், ஆந்திர எல்லைக்குள் உள்ள பிச்சாட்டூர் நீர்த்தேக்கம் நிரம்பித் திறக்கப்பட்டால் பொன்னேரி வட்டாரம் முழுவதும் எச்சரிக்கை செய்யப்படுகிறது. அந்த வெள்ளம் வந்து சேரும் இடம் ஏரி. ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட உயர்ந்து, மணல்திட்டை அரித்துக்கொண்டு வெளியேறுகிறது. சில ஆண்டுகளில் மீனவர்களே மண்வெட்டியோடு இறங்கி வாய்க்கால் வெட்டி வெள்ளத்துக்கு வழிகாட்டுகின்றனர். வாய் திறந்த பிறகு ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே வருவதும், வற்றும்போது ஏரிநீர் வெளியே போவதும் நாள்தோறும் நிகழ்கின்றன. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இந்த ஏற்றவற்றம் வலுக்கிறது.

இறாலின் வாழ்க்கை இந்தத் திறப்பை நம்பியே அமைந்திருக்கிறது. வெள்ளை இறாலும் வரி இறாலும் கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் நுழைந்து, சேறும் கடற்புல்லும் நிறைந்த ஆழமற்ற நீரில் சில மாதங்கள் வளர்ந்து, பருவம் எய்தியபின் இறங்குநீரோடு மீண்டும் கடலைத் தேடிப் போகின்றன. வாய் மூடியிருந்தால் குஞ்சுகள் வருவதற்கும் வழியில்லை, வளர்ந்தவை போவதற்கும் வழியில்லை. மடவை மீனுக்கும் சேற்று நண்டுக்கும் இதே விதி. பழவேற்காட்டில் நன்கு அறியப்பட்ட ‘பாடு’ முறை இந்த இயற்கைப் போக்குவரத்தின்மேல் கட்டப்பட்ட சமூக ஏற்பாடாகும். பாடு என்பது, முகத்துவாரத்தை ஒட்டிய வளமான நீரோட்டப் பகுதிகளில் வலை கட்டும் உரிமையை ஊர்களும் குடும்பங்களும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் குப்பங்கள் மூன்றும் இம்முறையில் முதலிடம் வகிக்கின்றன. யார் எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்பது ஊர்க்கூட்டத்தில் முடிவாகிறது. வளமான இடம் ஒருவர் கையிலேயே தங்கிவிடாமல் சுற்றிவருவதால், நல்ல நாளும் வெறும் நாளும் எல்லோருக்கும் பங்காகின்றன. அரசின் சட்டப் புத்தகம் எதிலும் பிறக்காத இந்த நெறி, எல்லோருக்கும் பொதுவான நீரைச் சண்டையின்றிப் பயன்படுத்தும் வழியாக இத்தனை தலைமுறை நின்றது பெருமைக்குரியது. எனினும் அதன் கதவு எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்பதும் உண்மை. பட்டினவர் அல்லாத சாதியினர்க்குப் பாட்டில் இடமில்லை. இருளர்கள் வலையின்றிச் சேற்றில் தவழ்ந்து கையால் இறாலைத் தடவிப் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப் பறியில் சேர்க்கின்றனர். மாதத்தின் வளம் எல்லாக் குடிசைக்கும் ஒரே அளவில் வருவதில்லை.

சந்தையிலும் கார்த்திகைக்கு ஒரு முரண் உண்டு. கார்த்திகை முதல் நாளில் சபரிமலைக்கு மாலையணிவோர் மண்டல காலம் முழுவதும் மீன் உண்பதில்லை. தெலுங்கு வீடுகளில் கார்த்திக மாதமே நோன்பு மாதம். எனவே ஏரி கொடுக்கத் தொடங்கும் காலத்தில் உள்ளூரில் வாங்குவோர் குறைகின்றனர். இறாலுக்கும் நண்டுக்கும் ஏற்றுமதி வழி இருப்பதால் அவற்றின் விலை ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. கூடையில் தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்களே இந்தச் சரிவைத் தாங்குகின்றனர்.

கடல்வழி வந்த அந்நியரும் இம்மாதத்துக்கு அடங்கியே நடந்தனர். விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் இசைவோடு 1610இல் பழவேற்காட்டில் நிலைகொண்ட ஒல்லாந்தர், 1612இல் போர்ச்சுக்கீசியரின் தாக்குதலுக்கு ஆளாகி, 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடம் மாறிய 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் வாணிகத் தலைமை இங்கேயே இருந்தது. பழவேற்காட்டுத் துணியின் பெயர் மலாய் நாடுகளில் ‘பெலிக்காட்’ கைலியாக இன்றும் வழங்குகிறது. ஆயினும் அவர்களின் பெரிய கப்பல்கள் ஏரிக்குள் நுழைய முடியாமல் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. வாடையும் கொண்டலும், அதாவது வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வீசும் காற்றுகள், எழும் பருவத்தில் அக்கரை கப்பலுக்கு ஆகாத கரையாகிவிடும். 1746 அக்டோபர் நடுவில் சென்னைக்கு எதிரே நின்ற பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொன்னேயின் கப்பற்படை ஒரே புயலில் சிதைந்தது. சென்னைத் துறையில் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை கொடியை இறக்கிக் கப்பல்களை விலக்கிவைக்கும் வழக்கத்தை ஆங்கிலேயர் கைக்கொண்டனர். அந்த இறுதி நாள் இன்றைய கணக்கில் கார்த்திகையின் கடைசி நாளோடு ஏறக்குறைய ஒன்றுவதைக் காணும்போது, ஐரோப்பிய மாலுமியின் விதியும் மேற்சொன்ன பழமொழியும் ஒரே அனுபவத்திலிருந்து பிறந்தவை என்பது விளங்கும். கிரேக்கப் புலவர் எசியோடும், இதே விண்மீன் கூட்டம் விடியலில் கடலுக்குள் மறையும் காலத்தில் கப்பலைக் கரையேற்றிவிடும்படி அறிவுறுத்தியிருக்கிறார். மத்தியதரைக் கடலுக்கும் வங்கக் கடலுக்கும் காற்று வேறு, மழை வேறு. ஆனால் இரு கரையினரும் அறுமீனைப் பார்த்தே கடலை மூடினர்.

அண்மைக் காலப் பேரிடர்களுள் பல இம்மாதத்தில் விழுந்தவை. 1977இல் கார்த்திகையின் முதல் வாரத்தில், நவம்பர் 19 அன்று, கிருஷ்ணை ஆற்றின் கழிமுகமான திவிசீமையைப் புயல் அழித்தது. 2015 டிசம்பர் முதல் நாளின் பெருமழை சென்னையையும் அதன் வடபுறத்தையும் மூழ்கடித்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கருகே கரைகடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் பழவேற்காட்டுக் கரையை உரசியபடி வடக்கே நகர்ந்து மறுநாள் பாபட்லா அருகே கரையேறியது. அந்த வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், கொசத்தலையாற்றின் கழிமுகத்தில் படர்ந்து எண்ணூர் மீனவரின் படகுகளையும் வலைகளையும் கெடுத்தது. குப்பங்கள் இவற்றை நினைவில் வைத்திருக்கும் விதம் கவனத்துக்குரியது. தொழிலைத் தமிழ் மாதத்தாலும் பிறையாலும் கணிக்கும் அதே மக்கள், துயரத்தை ஆங்கிலத் தேதியாலும் பாகிஸ்தானும் மியான்மரும் சூட்டிய புயற்பெயராலும் சொல்கின்றனர். அடுத்த மாதமான மார்கழியில் நேர்ந்த 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும், 2011 கிறித்துமஸ் நாளில் ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதும் அவ்வாறே தேதியாகத்தான் நிற்கின்றன.

ஏரியின் கிழக்குக் கரையாகிய ஸ்ரீஹரிகோட்டா வேறொரு நாள்காட்டியைக் கொண்டுவந்தது. கதிரவனின் ஒளிவட்டத்தை ஆராயும் ஐரோப்பியச் செயற்கைக்கோள் இணையான புரோபா-3, 2024 டிசம்பர் 5 அன்று, கார்த்திகையின் நடுவில், அங்கிருந்துதான் ஏவப்பட்டது. ஏவும் நாள்களில் அக்கம்பக்கத்துக் கடலுக்குச் செல்லக்கூடாது என்று மீனவர்க்கு அறிவிப்பு வருகிறது. பூநாரைகளோ எந்த அறிவிப்புக்கும் காத்திராமல், மழைநீரால் ஏரி நிரம்பி வடியும் கணக்கை மட்டும் பார்த்து வந்து சேற்றுப்பரப்பில் இறங்குகின்றன.

இன்று கவலை தருவது புயலைவிட மணலே. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்துகின்றன. வடகிழக்குக் காற்றுக் காலத்தில் சில மாதம் மட்டும் இது திரும்புகிறது. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்களுக்காகக் கடலுக்குள் நீட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்கள் இந்த ஓட்டத்தை மறித்ததால், அவற்றின் வடபுறக் கரை அரிக்கப்படுகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் முகத்துவாரம் மூடியே கிடப்பதும், படகுகள் கடலுக்குச் செல்ல வழியின்றித் தரைதட்டுவதும், தூர்வாரும் கோரிக்கையோடு மீனவர்கள் போராடுவதும் வாடிக்கையாகிவிட்டன. வாயின் இருபுறமும் கற்சுவர் எழுப்பி நிலையாகத் திறந்துவைக்க வேண்டும் என்று அவர்கள் நெடுநாள் கோரிவந்தனர். இதற்கு முன்மாதிரி சிலிகாவில் உண்டு. அங்கே 2000 செப்டம்பரில் செயற்கையாகப் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டபின் உப்புநிலை சீராகி மீன்வளம் மீண்டது. அழிவின் விளிம்பில் உள்ள ஈரநிலங்களுக்கான மான்ட்ரோ பதிவேட்டிலிருந்து 2002இல் அந்த ஏரி நீக்கப்பட்டது. சிலிகாவின் வெற்றிக்கு வெட்டியது மட்டும் காரணமன்று. வெட்டுவதற்கு முன்னும் பின்னும் நீரைத் தொடர்ந்து அளந்ததும் காரணம்.

அரசின் மீன்பிடி நாள்காட்டியில் பழவேற்காட்டின் இந்தப் பொழுதுக்கு இடமில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடை, ஆழ்கடல் மீனின் இனப்பெருக்கத்தைக் கருதியது. மழைக்காலக் குறைவுக்கு வழங்கப்படும் உதவித்தொகையும் கடற்கரை முழுவதற்கும் பொதுவானது. காயலில் தொழில் முடங்குவதும் மீள்வதும் எந்தத் தேதியையும் பொறுத்தனவல்ல, வாய் திறப்பதைப் பொறுத்தவை. ஆகவே முகத்துவாரம் எந்த நாளில் திறந்தது, எந்த நாளில் அடைபட்டது, அப்போது நீரின் உப்பு எவ்வளவு, பாட்டில் முதல் இறால் விழுந்த பிறை எது என்ற நான்கு செய்திகளையும் குப்பங்களின் ஊர்க்கணக்கில் ஆண்டுதோறும் எழுதிவைப்பதும், மீன்வளத்துறை அக்கணக்கைத் தன் பதிவாக ஏற்றுக்கொண்டு உதவித்தொகையையும் தூர்வாரும் காலத்தையும் அதன்படி வகுப்பதும் செய்யத்தக்கவை. உப்பை அளக்கும் கருவி கையடக்கமானது. பிறையை எண்ண அங்கே எவருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. அப்பதிவில் வடகரைத் தெலுங்கு ஊர்களையும், பாட்டுக்கு வெளியே நிற்கும் இருளரையும் சேர்ப்பது முதல் ஆண்டிலிருந்தே நடைபெற வேண்டும்.